'என்'னா... 'எத்'தா?

ஸ்வீடனில் ஆபீஸ் என்று ஒன்று இருந்தால் அதில் காலை ஒன்பதரை வாக்கில் 'ஃபீக்கா' என்று ஒன்று நடக்கும். காப்பியும், லவங்கப்பட்டை தூவிய பன்னும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுவது. நம்ம ஊர் டீ டைம்தான். ஆனால் கோயில் உச்சிகால பூஜை மாதிரி நேரம் தவறாது. டிபார்ட்மெண்ட் தலைவரும் நேற்றுச் சேர்ந்த பையனும் ஒரே மேஜையில் உட்காருவார்கள். கப்பை அவரவர்தான் கழுவ வேண்டும்.

2022 பிப்ரவரியில் நான் அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரம். மேஜையைச் சுற்றி எட்டு பேர். யாரோ ஏதோ சொல்ல, கொல்லென்று சிரிப்பு. நான் கப்போடு போய் ஒரு நாற்காலியை இழுத்தேன். அரை விநாடி அமைதி. அப்புறம் எட்டு பேரும் சொல்லி வைத்தாற்போல் இங்கிலீஷுக்கு மாறினார்கள்.

"குளிர் பழகிடுச்சா?"

"வீடு செட் ஆயிடுச்சா?"

ஆச்சு, ஆச்சு என்றேன். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

முதல் வாரம் இது பெருமையாகத்தான் இருந்தது. நமக்காக எட்டு பேர் பாஷையை மாற்றுகிறார்களே! ஒரு மாதம் போன பிறகுதான் உறைத்தது. நான் போய் உட்காருகிற மேஜையில் எல்லாம் பேச்சு வற்றிப்போகிறது. கல்யாண வீட்டில் சீட்டாடுகிற கூட்டத்துக்கு நடுவே பெண்ணோட அப்பா வந்து உட்கார்ந்த மாதிரி. ஒரு நாள் காப்பி மெஷினிலிருந்து நான் திரும்புவதைப் பார்த்ததும், கதை சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் 'அப்புறம் சொல்றேன்' என்பது போல் கையை அசைத்து நிறுத்திக்கொண்டார். கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. இங்கிலீஷில் சொன்னால் அந்தக் கதை செத்துப்போகும், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே ஸ்வீடிஷ் வகுப்பில் பேர் கொடுத்தேன். 'எஸ்.எஃப்.ஐ.' என்று பெயர். குடியேறி வந்தவர்களுக்கு நகராட்சி நடத்துவது. ஃபீஸ் கிடையாது. ஏ, பி, சி, டி என்று நாலு படி.

முதல் நாள். அறுபது வயசு மதிக்கத்தக்க டீச்சர். "குட் ஈவினிங், மேடம்" என்று எழுந்து நின்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. மேடம் வேண்டாம், பேரைச் சொல்லிக் கூப்பிடு, 'த்யூ' போடு என்றார். 'த்யூ' என்றால் நீ.

அம்மா வயசுக்காரரை நீ என்பதா? எனக்கு நாக்கு எழவில்லை. அப்புறம் டீச்சரே கதையைச் சொன்னார். ஒரு காலத்தில் இவர்கள் நம்மைவிட மோசமாம். மரியாதைப்பட்டவரிடம் 'நீங்கள்' என்றுகூடச் சொல்ல முடியாது. 'டைரக்டர் காப்பி சாப்பிடுகிறாரா?' என்று டைரக்டரிடமே கேட்க வேண்டும். 'நி' என்று ஒரு நீங்கள் இருந்தது. ஆனால் அதைப் பட்டம் பதவி இல்லாதவரிடம் மேலே இருப்பவர் பயன்படுத்துவார் என்பதால் கேட்பவருக்கு அவமானம். யாரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஜனங்கள் வாக்கியத்தையே சுற்றி வளைத்துக்கொண்டிருந்தார்கள். 1967-ல் ப்ரூர் ரெக்ஸெட் என்பவர் அரசின் மருத்துவத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்றார். இனி ஆபீஸில் எல்லாரையும் பேர் சொல்லி 'த்யூ' என்றுதான் கூப்பிடுவேன் என்று அறிவித்துவிட்டார். அதற்கு முன்பே காற்று அந்தப் பக்கம் வீச ஆரம்பித்திருந்தது. ஆனால் பேர் அவருக்குத்தான். சில வருஷத்தில் தேசமே 'நீ'க்கு மாறிவிட்டது. ராஜா குடும்பம் மட்டும் விலக்கு.

நம்ம ஊரில் ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி இப்படி அறிவித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். "சரிங்க ஸார், இனிமே நீங்களை நீன்னே கூப்பிடறோங்க ஸார்" என்றிருப்பார்கள்.

* * *

முதல் மாதம் ஒரே குஷி. காரணம், வினைச்சொல்.

தமிழில் பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான், பேசுகிறாள், பேசுகிறார், பேசுகிறது, பேசுகிறோம்... வெளிநாட்டுக்காரன் யாராவது தமிழ் கற்க வந்தால் இந்த வரிசையிலேயே பாதிப் பேர் ரயிலேறிவிடுவார்கள். ஸ்வீடிஷில்? 'தாலார்'. அவ்வளவுதான். யா தாலார், த்யூ தாலார், ஹான் தாலார், வீ தாலார். நான், நீ, அவன், நாங்கள் – யார் பேசினாலும் 'தாலார்'. முன்பு எழுத்தில் பன்மைக்குத் தனி உருவம் இருந்ததாம். அவர்களின் செய்தி ஏஜென்ஸியான டி.டி. 1945-ல் அதை எழுதுவதை நிறுத்தியது. மற்றவர்களும் மெல்ல விட்டுவிட்டார்கள்.

ஒன்று மட்டும் கவனம். நாம் 'பேசுகிறேன்' என்றால் 'நான்' அதற்குள்ளேயே இருக்கிறது. இங்கே வினை மொட்டை. அதனால் 'யா'வை விடவே கூடாது. நான் பழக்க தோஷத்தில் விட்டுவிட்டு, "யாரு? யாரு?" என்று எல்லாரையும் கேட்க வைத்தேன்.

அப்புறம் வந்தது சனி. பெயர்ச்சொல் ரூபத்தில்.

ஸ்வீடிஷில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் இரண்டு ஜாதியில் ஒன்று. 'என்' ஜாதி, 'எத்' ஜாதி. இரண்டுக்கும் அர்த்தம் 'ஒரு'தான். ஒரு கார் – என் பீல். ஒரு வீடு – எத் ஹ்யூஸ். ஒரு பெண் – என் ஃபிளிக்கா. (ஸ்வீடனில் எல்லாப் பெண்ணும் 'என்' பெண்தான் என்று நினைத்து வகுப்பில் தனியாகச் சிரித்தேன். டீச்சர் காரணம் கேட்டார். சொல்லவில்லை.) ஏன் கார் 'என்', ஏன் வீடு 'எத்' என்று கேட்டால் பதில் கிடையாது. மனப்பாடம் பண்ணு என்பார்கள்.

'எத்' வார்த்தைகளில் ஒன்று எனக்குப் பிடித்தது. 'எத் பார்ன்', ஒரு குழந்தை. ஆணோ பெண்ணோ, குழந்தை அங்கே 'அது'. வகுப்பில் உக்ரைன்காரர் ஒருவர் இது அநியாயம் என்றார். எனக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை. நாம் என்ன சொல்கிறோம்? குழந்தை அழுகிறான் என்றா? அழுகிறது! அஃறிணை. எட்டாம் வகுப்பில் தமிழ் ஐயா திணை, பால் என்று தலையில் குட்டியது இத்தனை வருஷம் கழித்து இங்கே பிரயோஜனப்பட்டது.

மற்றபடி 'என்'னா 'எத்'தா என்று எந்த நேரமும் தலைக்குள் சீட்டுக் குலுக்கல். காய்கறி வாங்கப் போன கடையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், முப்பது வருஷமாக அங்கே இருப்பவர், என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"தம்பி, என்னா எத்தா எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டால் வாய் திறக்க ஏலாது. தெரியாட்டி 'என்' எண்டு போட்டுட்டுப் போங்கோ. நாலுக்கு மூண்டு சரியா வரும்."

லாட்டரியில்கூட இப்படி ஒரு சான்ஸ் கிடையாது. பிற்பாடு இலக்கணப் புத்தகத்தில் பார்த்தேன். பெயர்ச்சொற்களில் ஏறக்குறைய முக்கால்வாசி 'என்' ஜாதிதான். அண்ணர் புத்தகம் பார்த்துச் சொன்னதில்லை, பட்டறிவு.

* * *

இங்கிலீஷில் 'தி' என்று ஒன்று இருக்கிறதே, அது ஸ்வீடிஷில் வார்த்தைக்கு வாலாக வந்து ஒட்டிக்கொள்ளும். 'என் பூக்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'பூக்கென்' என்றால் அந்தக் குறிப்பிட்ட புத்தகம். முன்னால் நின்ற 'என்' பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. 'எத் ஹ்யூஸ்' ஒரு வீடு. 'ஹ்யூசெத்' அந்த வீடு. 'எத்'தில் ஒரு 'த்' காணாமல் போகும், அது எழுத்துக் கணக்கு, விடுங்கள்.

இதை இங்கிலீஷ் வழியாகப் புரிந்துகொள்ள ஒரு மாதம் முட்டிக்கொண்டேன். வார்த்தைக்குப் பின்னால் 'தி' வருவதா? ஒரு நாள் டிராமில் போகும்போது பளிச்சென்றது. நாமும் இதைத்தானே செய்கிறோம்!

'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கிட்டேன்' என்றால்? நேற்று நாம் பேசினோமே, அந்தப் புத்தகம். 'பொண்ணு பார்த்தேன்' என்று ஒருவன் சொன்னால் வாழ்த்துச் சொல்லலாம். 'பொண்ணைப் பார்த்தேன்' என்றால், "எந்தப் பொண்ணை? எங்கே? யார்கூட?" என்று விசாரிக்க வேண்டும். எல்லா இடத்திலும் பொருந்தாது. நம்ம 'ஐ' செயப்படுபொருளுக்கு மட்டும்தான். இருந்தாலும் வால் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்கிற பழக்கம் நமக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. இங்கிலீஷைக் கழற்றி வைத்துவிட்டுத் தமிழ் வழியாகப் போனால் இந்த பாஷைக்குக் குறுக்கு வழி இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

சந்தோஷம் ஒரு வாரம். அடுத்து, பெரிய கார் என்று சொல்ல வேண்டியிருந்தது. 'என் ஸ்தூர் பீல்'. பெரிது என்பதற்கு 'ஸ்தூர்'. (நம்ம ஸ்தூல சரீரம் ஞாபகத்துக்கு வந்தது. சம்பந்தம் இல்லாவிட்டாலும் மறக்காது.) எத் ஜாதியானால் 'ஸ்தூர்த்'. பன்மையானால் 'ஸ்தூரா'. சரி, 'அந்தப் பெரிய கார்'? 'தென் ஸ்தூரா பீலென்'. முன்னால் ஒரு 'தென்', பின்னால் ஒரு 'என்'. ஒரே காருக்கு இரண்டு நம்பர் பிளேட்! ஒன்று போதாதா என்று டீச்சரைக் கேட்டேன். டென்மார்க்காரர்களுக்குப் போதும், எங்களுக்குப் போதாது என்றார்.

பன்மை இதைவிட வேடிக்கை. கார்கள் 'பீலார்'. பெண்கள் 'ஃபிளிக்குர்'. வீடுகள்? 'ஹ்யூஸ்'. ஒரு வீடும் ஹ்யூஸ், நூறு வீடும் ஹ்யூஸ். இங்கே ஒரு நிமிஷம் நம்மைப் பற்றியும் யோசிக்க வேண்டும். 'பத்து ரூபாய்கள் கொடுங்கள்' என்று நாம் எப்போதாவது சொல்லியிருக்கிறோமா?

இனி உச்சரிப்பு. 'ழ'வை வைத்து நாம் மற்றவர்களைப் பயமுறுத்துகிறோமில்லையா? அவர்களிடம் அதற்குப் பதிலடி ஒன்று இருக்கிறது. ஏழு என்ற எண். எழுத்தில் எஸ், ஜே, யூ. சொல்லும்போது சூடான டீயை ஊதுகிற சத்தம் வர வேண்டும். ஏழாம் நம்பர் டிராம் எங்கே நிற்கும் என்று கேட்க, ஸ்டாப்பில் நின்று நான் ஊதிக்கொண்டே இருந்தேன். ஒரு பாட்டி எனக்கு மூச்சு வாங்குகிறதோ என்று பதறி உட்கார இடம் கொடுத்தார்.

நான் இருந்த ஊரை நாம் கோத்தன்பர்க் என்கிறோம். அவர்கள் 'யொத்தெபொரி' என்பார்கள். சில உயிரெழுத்துகளுக்கு முன்னால் 'க' வந்தால் 'ய' ஆகிவிடும். அதே கணக்கில் கிஃப்ட் என்று எழுதி 'யிஃப்த்' என்று படிப்பார்கள். அதற்கு அர்த்தம் அன்பளிப்பு இல்லை. இரண்டு அர்த்தம். ஒன்று, 'கல்யாணமானவர்'. இன்னொன்று, 'விஷம்'. ஒரே உச்சரிப்பு. அனுபவஸ்தர்கள் உண்டாக்கிய பாஷை!

இன்னொன்று, ராகம். 'அந்தென்' என்பதை ஒரு விதமாக இழுத்தால் வாத்து, இன்னொரு விதமாக இழுத்தால் ஆவி. ஆவியைக் கூப்பிட்டு வாத்து வந்தால் என் பொறுப்பல்ல. எனக்கு இன்றைக்கும் வாத்துதான் வருகிறது.

வார்த்தைகளை ஒட்டுவதிலும் அவர்கள் நம்ம ஆட்கள். 'ஃபார்' அப்பா, 'மூர்' அம்மா. அப்பாவோட அம்மா 'ஃபார்மூர்', அம்மாவோட அப்பா 'மூர்ஃபார்'. தாய்மாமனுக்கு 'மூர்ப்ரூர்', அத்தைக்கு 'ஃபாஸ்தெர்', சித்தி, பெரியம்மாவுக்கு 'மூஸ்தெர்'. இங்கிலீஷ்காரன் எல்லாரையும் அங்கிள், ஆன்ட்டி என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டானே! ஒட்ட வேண்டியதைப் பிரித்து எழுதினால்தான் ஆபத்து. 'ரேக்ஃப்ரித்' என்று சேர்த்து போர்டு எழுதினால் புகை பிடிக்கக் கூடாத இடம். நடுவில் இடம் விட்டால், 'தாராளமாகப் புகை பிடி'.

* * *

நான் நிஜமாகவே மாட்டிக்கொண்டது வாக்கியத்தில்.

தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசி பெஞ்ச். மற்றவர்கள் எப்படி வேண்டுமானாலும் இடம் மாறி உட்காரலாம். ஸ்வீடிஷில் வினைக்கு இரண்டாவது சீட். ரிசர்வ்டு. யார் முதலில் வந்தாலும் அது அசையாது.

நான் காப்பி குடிக்கிறேன். 'யா ட்ரிக்கெர் காஃபெ.' சரி. 'இப்போது' என்பதை முதலில் போட்டால்? இங்கிலீஷ் மாதிரி 'இப்போது நான் குடிக்கிறேன்' என்று போகக் கூடாது. 'ந்யூ ட்ரிக்கெர் யா காஃபெ.' இப்போது குடிக்கிறேன் நான் காப்பி. 'இப்போது' முதல் சீட்டைப் பிடித்ததால், 'நான்' எழுந்து மூன்றாவது சீட்டுக்குப் போக வேண்டும். கேள்வி கேட்டால் மட்டும் வினை முதல் சீட்டுக்கு வரும். 'ட்ரிக்கெர் த்யூ காஃபெ?'

சரி, பிடிபட்டது என்று நினைத்தால் 'இந்தெ' வரும். 'இந்தெ' என்றால் 'இல்லை'. அவன் வரவில்லை – 'ஹான் கொம்மெர் இந்தெ'. வினைக்குப் பின்னால். ஆனால் 'அவன் வரவில்லை என்று எனக்குத் தெரியும்' என்று ஒரு வாக்கியத்துக்குள் இன்னொன்றைச் செருகினால், 'இந்தெ' வினைக்கு முன்னால் தாவிவிடும். 'யா வெத் அத் ஹான் இந்தெ கொம்மெர்.' இதற்கு 'பிஃப்' ரூல் என்று சுருக்கப் பெயரே வைத்திருக்கிறார்கள். வகுப்பில் எரித்ரியாப் பெண்மணி ஒருவர் இந்த ரூலை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வருவார். பேசும்போது கையைப் பார்த்துக்கொள்வார். நானும் எழுதிக்கொண்டேன். காப்பி கப்பைப் பிடித்தால் ரூல் மறைந்துவிடும்.

ஆறு மாதம் ஆனது. ஃபீக்கா மேஜையில் முதல் முறையாக ஒரு முழுச் செய்தியை ஸ்வீடிஷில் சொல்வது என்று முடிவு செய்தேன். முந்தின நாள் டிபார்ட்மெண்ட் தலைவர் குடும்பத்தோடு படகில் போனதைத் துறைமுகத்தில் பார்த்தேன். தலைவர் தன் மனைவியோடு வந்தார். சின்ன வாக்கியம். வினை இரண்டாவது சீட்டில். ராத்திரி நாலு தடவை ஒத்திகை பார்த்தாச்சு.

"ஷேஃபென் கொம் மெத் ஹான்ஸ் ஃப்ரூ."

மேஜை அப்படியே உறைந்தது. தலைவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அடுத்த விநாடி ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள்! ஒருவருக்குப் புரையேறி, பன் தொண்டையில் சிக்கி, முதுகில் தட்டினார்கள்.

நான் சொன்னதற்கு அர்த்தம்: தலைவர் வேறொருத்தன் பெண்டாட்டியோடு வந்தார்.

ஸ்வீடிஷில் 'ஹான்ஸ்' என்றால் அவனுடைய, 'சின்' என்றால் தன்னுடைய. எழுவாயே சொந்தக்காரர் என்றால் 'சின்' போட்டே ஆக வேண்டும். 'ஹான்ஸ்' போட்டால் அது மூன்றாம் மனிதர் சொத்து. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை. நான் மனசுக்குள் இங்கிலீஷிலிருந்து மொழிபெயர்த்தேன், மாட்டினேன். தமிழில் நினைத்திருந்தால் 'தன் மனைவி' என்று தானாக வந்திருக்கும்! 'சின்' என்பது சாட்சாத் நம்ம 'தன்'. பேச்சில் நாம் 'அவர் சம்சாரம்' என்று சொல்லிச் சமாளிப்போம், நம்ம ஊரில் அதற்காக யாரும் சந்தேகப்படுவதில்லை. ஸ்வீடனில் குடும்பம் பிரிந்துவிடும். இன்னும் ஒரு ஒற்றுமை: 'அவரும் தன் மனைவியும் வந்தார்கள்' என்றால் நமக்குக் காதில் இடிக்கும், 'அவரும் அவர் மனைவியும்' என்போம். அவர்களும் அந்த இடத்தில் 'சின்' போடமாட்டார்கள், 'ஹான்ஸ்'தான்.

தலைவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, என் மனைவியிடம் சொல்கிறேன் என்றார். ஸ்வீடிஷில் சொன்னார். என்னைப் பார்த்து ஸ்வீடிஷில் சொன்னார்! அதை நான் கவனித்தது ராத்திரி படுக்கையில்தான்.

இன்னொரு சின்ன வார்த்தை பாக்கி இருக்கிறது. 'யூ'. வந்த புதிதில் ஒருவர் ப்ளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, காப்பி வேண்டாமா என்று ஸ்வீடிஷில் கேட்டார். 'யா' என்றால் ஆமாம் என்று மட்டும் தெரியும். 'ஆமா, வேண்டாம்' என்கிற அர்த்தத்தில் "யா" என்றேன். அவர் குழம்பிப்போய், கடைசியில் கப் நிறைய ஊற்றிவிட்டார். மரியாதைக்குக் குடித்தேன். எதிர்மறையாகக் கேட்டால் 'ஆமா, வேண்டாம்' என்பது அங்கே செல்லாது. வேண்டாம் என்றால் 'நேய்'. 'அப்படியில்லை, வேணும்' என்று மறுத்துச் சொல்ல 'யா' போதாது. அதற்கென்றே தனி வார்த்தை 'யூ'. எப்போது சொல்வது என்று புத்தகத்தில் படித்துவிடலாம். அந்த விநாடியில் வாயில் வர வேண்டுமே!

2023 நவம்பர். மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது. சாயங்கால ஃபீக்கா. நான் காப்பி மெஷினிலிருந்து திரும்பினேன். அன்றைக்குக் கதையைப் பாதியில் நிறுத்தினாரே, அதே ஆள், கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை இழுத்தேன். அவர் நிறுத்தவில்லை. யாரும் இங்கிலீஷுக்கு மாறவில்லை. மாமியார், ஒரு படகு, சாவி காணாமல் போனது வரைக்கும் பிடிபட்டது. அப்புறம் வேகம் கூடிவிட்டது, இரண்டு மூன்று 'இந்தெ' எங்கெங்கோ தாவின. எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒரு விநாடி தாமதமாகச் சிரித்தேன்.

பக்கத்திலிருந்தவர் என் பக்கம் திரும்பினார். "ஃபத்தார் த்யூ இந்தெ?" புரியலையா?

"யூ" என்றேன்.

பன் தட்டை என் பக்கம் நகர்த்தினார். மாமியார் சாவியை என்ன செய்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.